எந்தக் கணிப்பொறிக்கு நோய் குறைவு?



விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு வைரஸ் தொல்லை அதிகம். லினக்ஸுக்கும் ஆப்பிளின் மேக்குக்கும் அது குறைவு என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் காரணத்தை அறியாமல் அதனை நம்புவதில் அபாயமும் உண்டு.

வைரஸ் என்பதும் மனிதர் எழுதிய ஒரு நிரலே. அது தீங்கு செய்வதற்கு இரண்டு வேண்டும். முதலில் அது கணிப்பொறிக்குள் புகுந்து இயங்க வேண்டும். பிறகு, அங்குள்ளவற்றை மாற்றும் அதிகாரம் அதற்குக் கிடைக்க வேண்டும். எந்த நிரல் எதைச் செய்யலாம் என்று வகுத்து ஆளுகின்ற தலைமை நிரல் தொகுதியையே இயங்குதளம் என்கிறோம்.

தொல்லை வேறுபடுவதற்கு முதற்காரணம் எண்ணிக்கை. மேசைக் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவை விண்டோஸில் இயங்குகின்றன. வலை வீசுகிறவன் மீன் மிகுந்த இடத்தைத்தானே நாடுவான்? ஆயினும் இது முழுக் காரணம் ஆகாது. இணையத்தைத் தாங்கி நிற்கும் பெருங்கணிப்பொறிகளில் மிகுதியானவை லினக்ஸைக் கொண்டவை. அவற்றைத் தாக்குவோரும் உளர். எனினும், கோப்புக்குக் கோப்பு தொற்றிப் பரவும் பழைய வகை வைரஸ் அங்கே தழைக்கவில்லை.

இதன் விளக்கம் அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஒரே பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலம் அது. பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு வேண்டுமல்லவா? அதுபோல, ஒவ்வொருவருக்கும் தனி எல்லை வகுத்து, முழு அதிகாரத்தை நிர்வாகி ஒருவரிடம் மட்டும் வைத்தனர். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இம்முறையையே பின்பற்றியது. இன்றைய மேக்கும் அந்த மரபில் வந்ததே.

1981-இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் தனி ஒருவருக்கான பொறிக்கென அமைந்தது. தனியே குடியிருப்பவர் உள்ளறைகளைப் பூட்டுவதில்லை. அங்கும் எந்த நிரலும் எங்கும் எழுதலாம் என்ற நிலையே இருந்தது. 1986-இல் லாகூரில் தோன்றிய ‘பிரெய்ன்’ என்னும் வைரஸ் நெகிழ்வட்டுகளின் வழியே பல நாடுகளுக்குப் பரவியது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் பூட்டுகள் இருந்தன. ஆனால் வீடுகளில் பெரும்பாலோர் நிர்வாகியின் முழு அதிகாரத்துடனேயே அன்றாட வேலைகளைச் செய்தனர். சாவி கதவிலேயே தொங்கியது எனலாம். 2007-இல் மக்களுக்கு வந்த விஸ்டாவிலிருந்து, முக்கிய மாற்றங்களுக்கு முன் அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டது. இன்றைய விண்டோஸ் பழைய விண்டோஸைவிடப் பன்மடங்கு காவல் உடையது.

அப்படியானால், யூனிக்ஸ் மரபினருக்கு நோயே வராதா? வரும். 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்னும் நிரல் முடக்கியவை யூனிக்ஸ் பொறிகளே. 2012-இல் ‘ஃபிளாஷ்பேக்’ என்ற நச்சு நிரல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் உள்ளீடும் லினக்ஸே. ஆனால் திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செயலியை நாமே நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுமதித்துவிட்டால், வங்கி அனுப்பும் இரகசிய எண் திருடன் கைக்குப் போகிறது. கதவைத் திறந்துவிட்டவர் வீட்டுக்காரரே என்னும்போது பூட்டு என்ன செய்யும்?

திருத்தங்களைத் தள்ளிப்போடுவதும் அத்தகையதே. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ உலகெங்கும் கணிப்பொறிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பலர் அதனை ஏற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே, எந்த இயங்குதளத்தை வைத்திருந்தாலும் மூன்று வழக்கங்கள் வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகியின் அதிகாரத்தைப் பயன்படுத்தாதீர்கள். திருத்தம் வந்தவுடன் ஏற்றுங்கள். நிரல்களை நம்பத்தக்க இடத்திலிருந்து மட்டுமே பெறுங்கள். நல்ல இயங்குதளம் நமக்குப் பூட்டைத் தருகிறது. சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது நம் பொறுப்பு.