சென்னிக்குத்து என்று இருந்துவிடலாமா?

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழராகிய நம் பேச்சில் மலையாளச் சொற்கள் பல கலந்துவிட்டன. சென்னி என்றால் தமிழில் தலை, மலையாளத்திலோ நெற்றிப்பொட்டு. ஒற்றைத் தலைவலியை இங்கே சென்னிக்குத்து என்பர். அச்சொல்லுக்குள் ஓர் ஆபத்தும் மறைந்துவிடக்கூடும்.

50 வயதைக் கடந்த ஒருவருக்கு, முன்பு இல்லாத வலி நெற்றிப்பொட்டில் புதிதாகத் தோன்றுகிறது. தலை வாரினால் நோகிறது. உணவை மென்றால் தாடை வலிக்கிறது. ஒரு கண் சற்று நேரம் இருண்டு தெளிகிறது. இவை 'ஜயண்ட் ஸெல் ஆர்டிரைட்டிஸ்' எனப்படும் இரத்தக் குழாய் அழற்சியின் அறிகுறிகளாகலாம். நம் நாட்டில் இது அரிய நோயே. எனினும் கண்ணுக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டுப் பார்வை போனால், அது பெரும்பாலும் மீளாது. மற்றக் கண்ணும் சில நாட்களிலேயே பழுதுறலாம்.

ஆகையால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் இரத்தச் சோதனைகளைச் செய்வர். ஐயம் வலுத்தால், குழாயின் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் முடிவுக்குக் காத்திராமலே ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவர். வலி தீர்ந்ததென்று அதை நாமாக நிறுத்தலாகாது. மருத்துவரே மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பார்.

மருத்துவரிடம் சென்னிக்குத்து என்பதோடு நின்றுவிடாமல், மெல்லும்போது வலித்ததையும் கண் இருண்டதையும் சேர்த்தே சொல்வோமாக.