அப்பாவுக்கு ரெண்டு தேதி

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சொந்தக் கதை.

அப்பா தவறினது 2023 செப்டம்பர் 9. நினைவு நாளும் அதேதான்னு போன்ல ரிமைண்டர் போட்டு வச்சிருந்தேன். ஆனா 2024ல அம்மா சொன்ன தேதி ஆகஸ்ட் 28. ஆவணி மாசம், தேய்பிறை தசமி.

"புதன்கிழமைம்மா, ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு. சனிக்கிழமைக்கு மாத்திக்கலாமா?"

"நிலாகிட்ட கேட்டுச் சொல்லுடா."

கடுப்புல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வானத்துல சூரியனை விட்டு நிலா ஒவ்வொரு 12 டிகிரி விலகும்போதும் ஒரு திதி. 30 திதி ஒரு சுற்று, சுமார் 29.5 நாள். 12 சுற்றுக்கு 354 நாள். அதாவது, அப்பா போன அன்னைக்கு நிலா எவ்வளவு தேய்ஞ்சிருந்ததோ, அதே அளவுக்குத் திரும்பி வர்ற நாள். கணக்கு சரிதான். லீவு போட்டேன்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. கையில எள்ளும் தண்ணியும். ஐயர் மூணு தலைமுறைப் பேர் கேட்டார். கொள்ளுத் தாத்தா பேர் எனக்குத் தெரியல. அம்மா பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாங்க. அப்பா கையெழுத்து. அவர் வருஷா வருஷம் படிச்ச மூணு பேர் அதுல இருந்தது. நான் முதல் ரெண்டை மட்டும் படிச்சாப் போதும்னு ஐயர் சொன்னார். மூணாவது பேர் வரிசையை விட்டு நகர்ந்தாச்சு. இப்போ முதல் இடத்துல எங்கப்பா.

அப்பாவை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அன்னைக்கு மூணு தடவை சத்தமா சொன்னேன். மூணாவது தடவை குரல் வரல. ஐயர் அவசரப்படுத்தாம காத்திருந்தார்.

செப்டம்பர் 9 ஆபீஸ்ல இருக்கும்போது ரிமைண்டர் அடிச்சது. அணைச்சேன். மனசு கனத்தது. ஆனா அந்தத் தேதி என்கிட்ட எதையும் செய்யச் சொல்லல.

நான் ஊத்தின தண்ணி அவருக்குப் போய்ச் சேர்ந்ததான்னு கேட்டா, சத்தியமா தெரியாது. ஆனா ஒரு வருஷமா 'அப்பா என்னை விட்டுப் போயிட்டார்'னு மட்டும்தான் நினைச்சிட்டிருந்தேன். அந்தப் படியில நின்னப்போ, அவர் தன்னோட அப்பாவுக்கு முன்னாடி போய் நின்னுட்டார்னு தோணுச்சு. ஒரு நாள் அவருக்கு முன்னாடி நான். எனக்கு பக்தின்னா இப்போதைக்கு இவ்வளவுதான். இது போதுமா இருக்கு.

உங்க கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி பேர் தெரியுமா? இன்னைக்கு ராத்திரி வீட்ல கேட்டு எழுதி வைங்க, உங்க கையெழுத்துலயே.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.