கர்ப்பகால அட்டையை எறியாதீர்கள்

நம் ஊரில் கருவுற்ற பெண்ணின் கையில் ஓர் அட்டை இருக்கும். எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் அளவு, சிறுநீரில் உப்பு என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் கிராம சுகாதார செவிலியர் அதில் வரிசையாக எழுதி வருவார். ஏழாம் மாதம் வரை 110/70 என்று ஓடிக்கொண்டிருந்த கட்டத்தில் ஒரு நாள் 150/100 என்று சிவப்பு மையில் விழும். வீடே பதறிப்போகும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்து, தாயின் அழுத்தமும் சில வாரங்களில் இறங்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. பிறப்புச் சான்றிதழ் வாங்கும்வரை அந்த அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கும், பிறகு பழைய காகிதத்தோடு போய்விடும். அந்த 150/100 அப்படித் தூக்கிப் போடக்கூடிய எண் அல்ல. 45 வயதில் ஒரு பெண்ணுக்கு ஏன் உடல் பருத்தது, ஏன் கொதிப்பு வந்தது என்று கேட்கிறவர்கள், அவள் பிள்ளை பெற்ற கதையையும் கேட்டாக வேண்டும்.

மேட்டில் ஏறும்போதுதான் வண்டியின் பலம் தெரியும். கர்ப்பம் உடலுக்கு அப்படி ஒரு மேடு. உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது, இதயம் அதையும் சேர்த்து இறைக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினுக்கு உடல் முன்போல மசிவதில்லை. பெரும்பாலான பெண்கள் இதைத் தாங்கிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் இருபது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐத் தொடுகிறது, சிறுநீரில் புரதம் இறங்குகிறது. 'உப்பு போகிறது' என்று நம்மவர்கள் சொல்வது உண்மையில் இந்தப் புரதத்தைத்தான். நஞ்சுக்கொடி வெளியேறியதும் நோய் அடங்கத் தொடங்கும். ஆனால் அடங்கியது முழுமையாகத் தீர்ந்ததாகாது. 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கர்ப்பத்தில் இந்த நோய் கண்ட பெண்களுக்குப் பின்னாளில் நிலையான உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, மற்றத் தாய்மார்களைவிட ஏறக்குறைய 3.7 மடங்கு. அதுவும் பிரசவமாகிச் சராசரியாகப் பதினான்கு ஆண்டுகளுக்குள். கர்ப்பகாலச் சர்க்கரையும் இப்படித்தான். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யா, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். அன்று கண்டுபிடிக்கப்படும் சர்க்கரை, தாய்க்குப் பிற்காலத்தில் வரக்கூடிய நீரிழிவுக்கும் முன்னறிவிப்பு. 2011-இல் அமெரிக்க இதயச் சங்கம், பெண்களின் இதயநோய் அபாயக் குறிகளில் இவ்விரண்டையும் சேர்த்தது.

உடல் எடைக்கு வருவோம். இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். நம் பாட்டிமார் ஏழு, எட்டுப் பெற்றார்கள், அவர்கள் எல்லோரும் பருத்தா போனார்கள்? நியாயமான கேள்வி. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். ஆனால் அதிக எடையுள்ள பெண்களின் பங்கு, நான்காம் கணக்கெடுப்பில் 30.9 சதவீதமாக இருந்தது, ஐந்தாம் கணக்கெடுப்பில் 40.4 சதவீதமாகிவிட்டது. பிள்ளை குறைந்தது, எடை கூடியது. அமெரிக்க ஆய்வொன்றில், பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தகப்பன்மாரும் பருத்திருந்தார்கள், தாய்மாரைவிடச் சற்றுக் குறைவாக. அப்பாவுக்கு ஏது கர்ப்பம்? ஆகவே 'பெற்றதால் பருத்தாள்' என்ற எளிய கணக்கு செல்லாது. எத்தனை பெற்றாள் என்பதைவிட, எந்த எடையோடு கருவுற்றாள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் எவ்வளவு ஏறியது, அதில் எவ்வளவு இறங்காமல் தங்கியது என்பவைதான் முக்கியம். வயலில் நடவு நட்டு, தண்ணீர் சுமந்து, ஆண்டுக்கணக்கில் பால் கொடுத்த பாட்டிக்குத் தங்கவில்லை. 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று ஊட்டப்பட்டு, பச்சை உடம்பு என்று மாதக்கணக்கில் அசையவிடாமல் வைக்கப்பட்ட பேத்திக்கு ஐந்து கிலோ தங்குகிறது. அடுத்த கர்ப்பம் அந்த ஐந்தின் மேல் தொடங்குகிறது. பால் சுரக்கவே உடல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி செலவழிக்கிறது. மாதவிடாய் நின்ற சுமார் 1,40,000 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வில், வாழ்நாளில் மொத்தம் ஓராண்டுக்கு மேல் பால் கொடுத்தவர்களிடம் உயர் இரத்த அழுத்தம் குறைவாகவே இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு மருத்துவர்களிடமிருந்தே வருகிறது. கர்ப்பம் நோயை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்ததைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான் என்கிறார்கள். நார்வேயில் பெண்களைக் கருவுறுவதற்கு முன்பிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இதற்குப் பெரும்பகுதி ஆதரவாக நிற்கிறது. கர்ப்பத்தில் கொதிப்பு வந்தவர்களுக்கு அதற்கு முன்பே எடையும் அழுத்தமும் சற்றுக் கூடுதலாக இருந்தன. இதை நான் ஏற்கிறேன். ஆனால் இதனால் என் வாதம் வலுக்கிறதே தவிர, தளரவில்லை. காரணமோ அறிகுறியோ, இருபத்தைந்து வயதில், செலவில்லாமல், ஒரு செய்தி கைக்கு வந்துவிட்டது. இருபது ஆண்டு முன்கூட்டியே வந்த அந்தச் செய்தியை நாம் படிக்காமல் விடுகிறோம்.

அந்த இருபது ஆண்டுகள்தான் எனக்குப் பெரிய கவலை. தமிழ்நாட்டில் ஏராளமான பெண்கள் இரண்டாம் பிரசவத்தோடு, இருபதுகளின் நடுவிலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். ஆபரேஷன் செய்ததால்தான் உடம்பு ஊதிவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. கருக்குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது, சுரப்பு நீர்கள் வழக்கம்போல் சுரக்கின்றன. உண்மையில் நடப்பது வேறு. அதற்குப் பிறகு அவள் கையில் அழுத்தக் கருவியைக் கட்ட யாரும் வருவதில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கி, அழுத்தமும் ஏறிய பிறகுதான், தலைசுற்றல் என்று அவள் திரும்பி வருகிறாள்.

இப்படிப் பேசுவது தாய்மையின் மேல் பழி போடுவதாகாதா என்று சிலர் வருந்தலாம். பழி வேண்டாம், பதிவு வேண்டும் என்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்க்கிறார்கள். 'கர்ப்பமாயிருந்தபோது கொதிப்போ சர்க்கரையோ இருந்ததா அம்மா?' என்று ஒரு கேள்வியையும் அங்கே சேர்க்கலாம். ஆம் என்றால் அந்தப் பெண் நாற்பத்தைந்து வரை காத்திருக்கக் கூடாது, ஆண்டுக்கொரு முறை அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். நீங்களும் இன்று மாலை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். என்னைச் சுமந்தபோது முகமும் காலும் வீங்கினவா, டாக்டர் கொதிப்பு என்று சொன்னாரா என்று. முப்பது ஆண்டு கழித்தும் அவருக்கு நினைவிருக்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, மாத்திரைச் சீட்டோடு அந்தப் பதிலையும் சொல்லுங்கள்.