'வலுவிழந்தது' என்னும் சொல்



பத்தாம் ஆண்டு விழாவில் மழையைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். மழைக்கவிதைகளைத் தொகுத்து வருவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் உரைநடை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாள்தோறும் நம் செவியில் விழுந்து, கேட்ட மாத்திரத்தில் மறந்துபோகும் வானிலை அறிக்கைதான் அது. 'பெய்தாலும் பெய்யும், பெய்யாமலும் போகும்' என்று அதை எள்ளி நகையாடுவது நம்மவர் வழக்கம். எஸ். ஆர். ரமணன் அவர்கள் 2016இல் ஓய்வு பெறும்வரை, பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்காக அவர் முகத்தை எதிர்பார்த்திருந்ததும் உண்டு. ஆயினும் அவ்வறிக்கையின் தமிழை நாம் ஒருநாளும் கூர்ந்து படித்ததில்லை.

'வடதமிழகக் கடலோர மாவட்டங்கள்' என்று அறிக்கை தொடங்கும்போது, அது நமக்கன்று என்று எண்ணிக்கொள்கிறோம். நம்முடையது உள்மாவட்டம், உண்மைதான். ஆனால் புதுச்சேரிக் கடற்கரைக்கும் அண்ணாமலைக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். கடலிலிருந்து ஏறிவரும் மேகத்துக்கு அது ஒரு தொலைவே அன்று. நமக்கு மேற்கே சவ்வாது மலை, தென்மேற்கே கல்வராயன் மலை. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைச்சரிவுகளில் ஏறிக் குளிர்ந்து மழையாகிறது. பெய்த நீரின் ஒரு பகுதி தென்பெண்ணை வழியே சாத்தனூர் அணைக்கு வந்து, மீண்டும் கடலூருக்கே போய்ச் சேருகிறது. ஆக, கடலோரத்தின் வானிலை நமக்கும், நம் வானிலை கடலோரத்துக்கும் உரியது. மாவட்ட எல்லை தாளில்தான் இருக்கிறது.

இதற்குச் சான்று தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் அளவில்தான் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று அதே கரையைத் தாக்கிய தானே புயலோடு ஒப்பிட்டால் இது மெலிந்த புயல். ஆனால் கரை ஏறிய பின் நகராமல் பல மணி நேரம் புதுச்சேரிப் பக்கமே நின்றுவிட்டது. மறுநாள் காலை 8.30 வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. அடுத்த நாள் அதே அளவு மழை கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில். கடலோரத்து மழை ஒரே நாளில் நம் தலைக்கு மேலாகக் கடந்து மேற்கே போய்விட்டது.

டிசம்பர் 1 நண்பகல் அளவில் புயல் 'வலுவிழந்து' ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாயிற்று. அன்று மாலைதான் நம் அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. டிசம்பர் 13 தீபத்தன்று, புவியியல் வல்லுநர்கள் மலையை ஆய்ந்த பின், பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

கவிஞர்களே, 'வலுவிழந்தது' என்னும் அந்த ஒரு வினைச்சொல்லைப் பாருங்கள். அறிவியலில் அது பிழையான சொல் அன்று. சுழலும் காற்றின் வேகத்தை வைத்தே புயலுக்குத் தரம் வகுக்கிறார்கள். காற்று குறைந்தால் தரம் இறங்கும். மழையின் அளவுக்கும் அந்தத் தரத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை. அறிக்கையின் அடுத்த வரியிலேயே கனமழை எச்சரிக்கை வரும். ஆனால் கேட்பவர் செவி முதல் வினையிலேயே நின்றுவிடுகிறது. வலுவிழந்தது என்றால் ஆபத்து நீங்கியது என்றே தமிழ் மனம் பொருள் கொள்ளும். 'காற்று தணிந்தது, மழை தணியவில்லை' என்று சொல்லியிருந்தால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இன்னொன்று, 'ஓரிரு இடங்களில்' என்பது. நாம் அதைக் கேட்டு, 'ஏதோ சிறு தூறல்' என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். அந்தத் தொடர் மழையின் வன்மையைச் சொல்வதன்று, பரப்பைச் சொல்வது. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை மழை பெற்றால் 'ஓரிரு இடங்கள்'. பாதி வரை என்றால் 'ஒருசில இடங்கள்'. முக்கால் வரை 'அநேக இடங்கள்'. அதற்கும் மேல் 'பெரும்பாலான இடங்கள்'. வன்மைக்கு வேறு சொற்கள் உள்ளன. 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. எனவே 'ஓரிரு இடங்களில் அதி கனமழை' என்பது அச்சம் தரவேண்டிய வாக்கியம். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு செ.மீ. மழை என்றால் ஏறத்தாழ நானூறு லிட்டர் நீர். இருபது செ.மீ. பெய்தால் எண்ணாயிரம் லிட்டர், ஒரே சென்டில். மலைச்சரிவில் குடியிருப்பவருக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் புரியும். அறிக்கை சொல்வதில்லை, அதன் நீளம் அவ்வளவுதான்.

இவ்வளவு நுட்பமாக அளவு வகுத்த சொற்களைப் பழகாத நாம், நம் முன்னோர் வகுத்தவற்றையும் கைவிட்டுவிட்டோம். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். இன்றைய கவிஞர் பலர் கார்த்திகை மழையைக் 'கார்காலம்' என்றே எழுதுகிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் பள்ளிப் புத்தகம் சொல்லும் வடகிழக்குப் பருவக்காற்று. கொண்டல் என்ற ஒரே சொல் காற்றையும் மேகத்தையும் குறிப்பது தற்செயல் என்று நான் கருதவில்லை. நம் மண்ணில் அந்தக் காற்று வந்தால் மேகமும் உடன் வந்தது.

வானிலை மையத்தார்க்குச் செந்தமிழ் அணிகள் கற்பிக்க வேண்டும் என்பதன்று என் கருத்து. அழகிய சொற்கள் அங்கே வேண்டவே வேண்டாம். பிறழ உணர இடந்தராத சொற்களே வேண்டும். அவற்றைத் தேடித்தரும் ஆற்றல், ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் உங்களிடம் இருக்கிறது. வரும் ஐப்பசித் திங்கள் கூட்டத்தில் கவிதை வாசிப்புக்கு முன், அன்றைய வானிலை அறிக்கையை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். ஒவ்வொரு சொல்லும் மலையடிவாரத்தில் எப்படிக் கேட்கும் என்று அரைமணி நேரம் ஆய்வோம். தேறிய சொற்களை எழுதிச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கு வட்டத்தின் பெயரால் அனுப்பலாம். முதல் சொல்லாக 'வலுவிழந்தது' என்பதை எடுத்துக்கொள்ளும்படி வேண்டி அமைகிறேன்.