இணையத்தில் ஒரு விரிவுரை மண்டபம்

பல்கலைக்கழகம் என்றவுடன் உயர்ந்த கட்டடங்களும், படிப்படியாக ஏறிச்செல்லும் ஆசன வரிசைகளும், கரும்பலகையின் முன் நிற்கும் பேராசிரியரும் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியில், கொவிட் நோயின் காரணமாக இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அம்மண்டபங்கள் வெறிச்சோடின. ஆயினும் விரிவுரைகள் அடியோடு நின்றுவிடவில்லை. விரிவுரையாளர் தம் வீட்டு மேசையில் கணினியின் முன் அமர்ந்தார். மாணவர்கள் பருத்தித்துறையிலும் பண்டாரவளையிலும் மூதூரிலும் தத்தம் வீடுகளில் கைத்தொலைபேசியை எதிரே வைத்துக்கொண்டனர். அவர்களை ஒன்றுசேர்த்த சாதனமே இணையவழி நேரலைக் கூட்ட மென்பொருள். அதன் பயன் யாது, குறை யாது, அதனைக் கையாளுவோர் மனத்திற் கொள்ளவேண்டியது யாது என்பன இன்றும் ஆராயத்தக்கவை.

இச்சாதனம் நோய்க்காலத்திற் பிறந்ததன்று. கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தில் 2007ஆம் ஆண்டிலேயே 'பிக் புளூ பட்டன்' என்னும் மென்பொருள் உருவாகத் தொடங்கியது. பெரிய நீலப் பொத்தான் ஒன்றை அழுத்துவதுபோல அத்துணை எளிதாக வகுப்பைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணமே அப்பெயருக்குக் காரணம். வகுப்பறைக்கென்றே அமைந்த அதனை எவரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தலாம். இலங்கை மாணவர் பலரும் அறிந்த 'சூம்' 2013இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

இவை இயங்கும் விதம் அறியத்தக்கது. விரிவுரையாளரின் குரல் சிறுசிறு துண்டுகளாக, பெரும்பாலும் நொடிக்கு ஐம்பது துண்டுகளாக, நறுக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. நடுவே உள்ள சேவைக் கணினி அவற்றை வாங்கி ஒவ்வொரு மாணவருக்கும் பகிர்ந்தளிக்கிறது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால், கடிதத்தைப் போல் அதனை மறுபடி அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. பிந்தி வந்த சொல்லால் நேரலையிற் பயனில்லை. ஆகவே தொலைந்தது தொலைந்ததாகவே விடப்பட்டு, இடைவெளி ஒருவாறு நிரப்பப்படுகிறது. நலிந்த இணைப்பில் குரல் கரகரப்பதும் சொற்கள் அறுபடுவதும் இதனாலேயே.

தாமதம் இன்னொரு தொல்லை. நேரில் உரையாடும்போது ஒருவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே கழிவது, பொதுவாக, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கே. இணைப்பு சுற்றிச் செல்லும்போது அந்த இடைவெளி நீள்கிறது. இருவர் ஒரே நேரத்திற் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மீண்டும் இருவரும் தொடங்குவர். வினாக் கேட்டு உடனே மறுமொழி வராவிட்டால், மாணவர்க்கு விடை தெரியாதென விரிவுரையாளர் முடிவுசெய்து மேலே போய்விடுகிறார். விடையோ அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். வினாவுக்குப் பின் சற்றுப் பொறுத்திருத்தலும், பெயர் சொல்லி அழைத்தலும் இதற்கு எளிய பரிகாரங்கள்.

இனிக் கணக்கொன்றைப் பார்க்கலாம். தெளிவான குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிற்று போதுமானது. அவ்வாறு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 மெகாபைற்று செலவாகும். நொடிக்கு 600 கிலோபிற்று வேண்டும் முகக்காட்சியையும் வாங்கினால், அதற்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு 270 மெகாபைற்று கரையும். நாளொன்றுக்கு நான்கு விரிவுரைகள் எனின், ஒரு ஜிகாபைற்றுக்கும் மேல். நகரத்து மாணவனுக்கு இது பொருட்டன்று. நாட்கூலி பெறும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு இது குடும்பச் செலவிற் கைவைக்கும் காரியம்.

இதனை உணர்ந்தே 2020இல், பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ண்' வலையமைப்பும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பல்கலைக்கழகச் சேவைக் கணினிகளைக் கட்டணமின்றி அணுக வழிசெய்தன. அது பாராட்டுக்குரிய உதவி. ஆயின் அலைவரிசையே எட்டாத இடத்தில் இலவசமும் பயன்படாது. மலைச்சரிவிலும் பாறைமேலும் அலைவரிசை தேடிச்சென்று மாணவர் பாடங் கேட்டதை அந்நாட்களில் நாடு கண்டது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, இணைப்பு இருந்தோரின் திரையும் இருண்டது.

திரையில் வரிசையாகத் தோன்றும் கருஞ் சதுரங்களைக் கண்டு, மாணவர் உறங்குகின்றனர் என விரிவுரையாளர் சினங்கொள்வதுண்டு. சிலர் உறங்கவுங் கூடும். ஆனால் அச்சதுரங்களுக்குப் பின்னே ஒரே அறையில் வாழும் குடும்பம் இருக்கலாம். எஞ்சிய சிறிதளவு டேட்டாவைக் காத்துக்கொள்ளும் கவலை இருக்கலாம். முகத்தைக் காட்டாதவர் வகுப்புக்கு வராதவர் என எழுதிவிடுவது நீதியாகாது. விரிவுரையின் குரற்பதிவையும் குறிப்புகளையும் அன்றே தரவேற்றிவிட்டால், இணைப்பு அறுந்தவர் இரவில் அவற்றை இறக்கிக்கொள்வர்.

இம்மண்டபத்துக்கெனச் சில சிறப்புகளும் உள. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருங்கே பயில்கின்றனர், பயிற்றுமொழி ஆங்கிலம். இத்தகைய வகுப்பில் நூறுபேர் முன் எழுந்து ஆங்கிலத்தில் வினாக் கேட்கக் கூசும் மாணவி, திரையின் ஓரத்திலுள்ள எழுத்துப் பெட்டியில் அதே வினாவைத் தட்டெழுதத் தயங்குவதில்லை. கடைசி ஆசனத்தில் மௌனமாயிருந்தவர் முதல் வினாவைத் தொடுக்கவும் இங்கு வாய்ப்புண்டு. தொலைநாட்டு அறிஞரொருவர் விமானமேறாமலே நம் மாணவருக்கு ஒரு மணி நேரம் விரிவுரை ஆற்றவும் இயலும்.

எனினும் ஆய்வுகூடத்தில் கையாற் செய்து கற்பதையும், நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்ப்பதையும், சிற்றுண்டிச்சாலையில் நண்பரோடு வாதாடித் தெளிவதையும் இச்சாதனம் தரவல்லதன்று. நேர்வகுப்பு இயலும் இடத்தில் அதுவே முதன்மையானது. இயலாதபோது இது கைகொடுக்கும்.

வானொலி இத்தகைய கற்பித்தலை நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தது. பாடசாலை ஒலிபரப்பில் பேசிய ஆசிரியர் ஒரு மாணவர் முகத்தையும் கண்டதில்லை. ஆகவே சொல்லைத் தெளிவாகவும் நிதானமாகவும் உச்சரித்து, முக்கியமானதை இருமுறை கூறினார். இணையவழி விரிவுரையாளருக்கும் அப்பழக்கம் பெரிதும் உதவும். படம் மறைந்தாலும் குரலைக் கொண்டே விளங்கும்படி பாடத்தை அமைக்கும் விரிவுரையாளர், பாறைமேல் நின்று கேட்கும் மாணவனையும் தம் வகுப்பிற் சேர்த்துக்கொள்கிறார். வசதி குறைந்த அம்மாணவனுக்குப் பாடம் எட்டியதா என்று ஒவ்வொரு விரிவுரையின் முடிவிலும் கேட்டறிதல், புதிய கருவிகளை வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பீடமும் மேற்கொள்ளத்தக்க முதற் கடமையாகும்.