கவிஞனும் வாக்குப்பெட்டியும்



கவிஞனுக்கு அரசியல் மன்றத்தில் என்ன வேலை? இலக்கிய வட்டங்களில் ஓயாமல் எழும் இக்கேள்விக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு தேர்தலைத் துணைக்கு அழைக்கிறேன்.

போர் ஓய்ந்த 1945ஆம் ஆண்டு அக்டோபரில், புதிய அரசியலமைப்பை வகுக்கும் மன்றத்தைப் பிரான்சு தேர்ந்தெடுத்தது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனால் வாக்காளர்களை இரு பிரிவாக்கினார்கள்: குடியுரிமை உடையோர் ஒரு பிரிவு, ஆளப்படுவோர் மறு பிரிவு. இரண்டாம் பிரிவிலும் படித்தோர், அலுவலர், முன்னாள் படைவீரர் போன்ற சிலருக்கே வாக்கு. நிலத்தை உழுதவன் வெளியே நின்றான்.

அந்த இரண்டாம் பிரிவின் சார்பில் செனெகலில் வென்றவர் லியோபோல்டு செடார் செங்கோர். இலக்கண ஆசிரியர், செருமானியச் சிறைமுகாமில் போர்க்கைதியாய் இருந்தவர். அவருடைய முதல் கவிதைத் தொகுதியும் அதே 1945இல்தான் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு டிசம்பர் முதல் நாள், டக்கார் அருகே தியரோயில், சிறைமீண்ட ஆப்பிரிக்கப் படைவீரர்கள் சேரவேண்டிய ஊதியத்தைக் கேட்டார்கள். பிரெஞ்சுப் படை அவர்களைச் சுட்டது. அந்த வீரர்களுக்காகச் செங்கோர் கவிதை எழுதினார். அதைப் படுகொலை என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒப்பியது 2024இல். கவிதை எண்பதாண்டு காத்திருக்கவில்லை.

மன்றம் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. ஐவரி கோஸ்டிலிருந்து வென்ற உஃபுவே புவாஞி கொண்டுவந்த சட்டம் 1946 ஏப்ரலில் கட்டாய உழைப்பை ஒழித்தது. செனெகலின் மற்றோர் உறுப்பினர் லாமின் கெய் பெயரால் வழங்கும் மே மாதச் சட்டம் ஆளப்படுவோர் அனைவரையும் குடிமக்கள் ஆக்கியது. ஆயினும் பெயர் மாறிய வேகத்தில் வாக்கு வரவில்லை. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையும் ஒரே வாக்காளர் பட்டியலும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தன.

கதையை இங்கே முடித்தால் நமக்கு இனிக்கும். ஆனால் 1960இல் விடுதலை பெற்ற செனெகலின் குடியரசுத் தலைவரான அதே கவிஞரின் ஆட்சியில், அவருடைய நெடுநாள் தோழரும் தலைமை அமைச்சருமான மமது தியா 1962இல் கைதானார். 1974 வரை சிறையில் இருந்தார். மடகாஸ்கரிலோ, 1946இல் தேர்வான கவிஞர் ழாக் ரபெமனாஞ்சரா மறு ஆண்டே பிரெஞ்சு ஆட்சியால் சிறைப்பட்டு, சிறையிலும் கவிதை எழுதினார்.

சிறைப்பட்ட கவிஞனும் உண்டு. சிறைவைத்த கவிஞனும் உண்டு. ஆகவே கவிஞன் மன்றத்துக்குப் போகட்டும் என்பேன். வாயிலில் நின்றவனின் குரலை உள்ளே கொண்டு செல்வது அவன் கடமை. ஆனால் ஆட்சி அவன் கைக்கு வந்த நாளில், அவன் பழைய கவிதைகளை அவனுக்கே படித்துக் காட்டும் துணிவு நமக்கு வேண்டும். பத்தாண்டு நிறைந்த இந்த வட்டம் அத்துணிவை வளர்க்குமானால், அதுவே இதன் பெரும்பணி.