சட்டமும் சாட்சியும்
(நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தாழ்த்தப்பட்டோர்க்கு இழைக்கப்படும் கொடுமைகளைச் சட்டம் எத்துணை தடுக்க வல்லது என்பதே நாம் இன்று ஆராயப் புகுந்த பொருள். சட்டத்திற்குக் குறைவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனைத் தண்டிக்க 1955-இல் ஒரு சட்டம் பிறந்தது. அதுவும் போதாமையின் 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. இஃது முன்ஜாமீனை மறுக்கின்றது; கடமை தவறும் அதிகாரியையும் தண்டிக்கின்றது.

இருந்தும் மதுரை மாவட்டத்து மேலவளவில் நிகழ்ந்தது யாது? 1996-இல் அவ்வூராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பினால் தடைப்பட்ட தேர்தல் போலீஸ் காவலுடன் நடந்தேறி, முருகேசன் என்பார் தலைவரானார். 1997 ஜூன் 30-ஆம் நாள், மதுரையினின்றும் பஸ்ஸில் திரும்பிய அவரும் வேறு ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001-இல் 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்களுள் 13 பேர் 2019-இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். வாக்குச் சீட்டிற்குக் கிடைத்த காவல் வென்றவர் உயிரைக் காத்திலது.

அன்பர்களே! சட்டம் பெரும்பாலும் குற்றம் நிகழ்ந்த பின்னரே வருகின்றது. வந்த பின்னரும், போலீசார் புகாரைப் பதிவு செய்தாலன்றி அது நடவாது. சாட்சி வாய் திறந்தாலன்றிப் பேசாது. அச்சாட்சியோ மறுநாள் எவர் வயலிற் கூலிக்குச் செல்வான்? எவர் கடையில் அரிசி கடன் வாங்குவான்? இதனை எண்ணியன்றோ பலர் நீதிமன்றத்திற் பிறழ்கின்றனர்! 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஊர்விலக்கைக் குற்றமாக்கியது. சாட்சிகளின் பாதுகாப்பிற்கும் வழிவகுத்தது. ஆயினும், ஊர்விலக்கு நிகழ்ந்தது என்று சொல்லவும் அவ்வூரில் ஒருவர் வேண்டுமே!

அந்த ஒருவர் நம்மவராய் இருத்தல் வேண்டும். ஆதலின் சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். நம் குலத்தான் என்பது பற்றி, வன்கொடுமை செய்தவனுக்காக ஒரு காசும் வசூலித்தல் ஆகாது. கண்டதைக் கண்டவாறு சொல்லும் நம்மவரை எவரும் இகழ்தலோ ஒதுக்குதலோ கூடாது. வழக்குத் தொடுத்தார் என்று எவர்க்கும் வேலையையோ கடைச்சரக்கையோ தண்ணீரையோ மறுத்தல் ஆகாது.

இம்மூன்றையும் எந்தச் சட்டமும் நம் வீட்டினுள் வந்து செய்து தாராது. குற்றவாளியை மறைத்து எக்குலமும் உயர்ந்ததில்லை. அறத்தின் பக்கம் நின்ற குலமே நிலைக்கும். இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.